கால்மாடு வரைக்கும் தண்ணீர்

கல்முனையில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால், உடலைக் குளிப்பாட்ட ஆமினா உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவ என் ராத்தா, நான் தங்கச்சி. மையத்தைக் குளிப்பாட்டும்போது யாராவது தண்ணீரை வீசி ஊற்றினால் போச்சு. "மெதுவா ஊத்துகா! மையத்துக்கும் நோகும்" என்று அதட்டுவா.

போன வருடம் வழுக்கி விழுந்ததில் தோள் போய்விட்டது. வாளி தூக்க ஏலாது. "போதும் ராத்தா, வீட்டில இரிங்க" என்றேன். கேட்கிற ஆளா அவ! நோயில் கிடந்த சிநேகிதி பாத்தும்மா கையைப் பிடித்து, "என்ன நீதான் குளிப்பாட்டணும்" என்று கேட்டிருந்தா. ராத்தா ஓம் என்றிருந்தா.

வாளியைத் தூக்காமல் ஊற்றலாமென்று அதன் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, குட்டைக் குழாய் செருகி, உட்காரும் கதிரையில் வைத்து, ஒரு மையத்து வீட்டில் குளிப்பாட்டப் பார்த்தா. தலைமாட்டில் பாய்ந்த தண்ணீர் கால்மாட்டுக்கு வரும்போது சொட்டியது. பொறுமையில்லாத ஒருத்தி மிச்சத்தைத் தூக்கிப் படாரென்று ஊற்றினாள்.

மறுநாள் ராத்தா ஓட்டையைப் பெரிதாக்கினா. தண்ணீர் இன்னும் சீக்கிரம் முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது. "இது ஒங்களுக்குத் தேவையா?"

"தேவைதான். நீ தண்ணிய அள்ளு."

அள்ளி அள்ளி என் இடுப்பு ஒடிந்தது. அவ வாளியையே பார்த்துக்கொண்டிருந்தா. மட்டம் இறங்க இறங்க, மேலிருந்து அழுத்தும் தண்ணீர் குறைகிறது; அதனால்தான் வேகமும் தளர்கிறது. வாளியை மதிலில் ஏற்றச் சொன்னா. ஓட்டையில் நீளமான குழாயைப் பொருத்தி, அதன் வாயைச் சின்னதாக்கினா. இப்போது தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து இறங்கியது. அவ்வளவு உயரத்தில், வாளிக்குள் ஒரு சாண் குறைந்தால் பெரிய வித்தியாசமில்லை. கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பாத்தும்மா மௌத்தானா. மறைப்புக் கட்டி, நான் வாளியை மதிலில் வைத்தேன். ராத்தா இடது கையால் குழாயைப் பிடித்தா. கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீர் தலையில் தொடங்கி, தோளால், இடுப்பால், பாதம் வரைக்கும் அடங்கி ஓடியது.

கூட நின்ற பாத்தும்மாவின் மகள் நப்லா அதுவரை அழவில்லை. "உம்மாக்கு நோகுமா மாமி?" என்றாள்.

ராத்தா குழாயை அவளுடைய உள்ளங்கைக்கு மேலே பிடித்தா; தண்ணீர் நோகாமல் விழுந்தது. நப்லா உடைந்துபோனாள். நான் அவளை வெளியே கூட்டிப்போகக் கை நீட்டினேன்.

"உடுகா அவள" என்றா ராத்தா. "நீங்க உம்மாட காலக் கழுவுங்க மகள். அவசரமில்ல, தண்ணி வரும்."