முதல் வளைவு வேலி

அக்காவுக்கு வேலை, குழாயோடு போவது. நீரேற்று நிலையத்திலிருந்து மலைமேல் இருக்கும் தொட்டிவரை ஒரு பெரிய குழாய் போகிறது. அதன் ஓரமாகவே மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய், எங்கே கசிகிறது என்று பார்த்து வரவேண்டும். அதைச் சாலை என்று சொல்ல முடியாது. கல், சரளை, ஓடைப் பள்ளம், மறுபடியும் கல். வெயில் காலத்தில் சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால், அதற்கடியில் குழாய் ஒழுகுகிறது என்று பொருள்.

"புல்லு கோள் சொல்லும்டி. நாமதான் நின்னு கேக்கணும்" என்பாள்.

வண்டியோடு விழுந்து காலில் அடிபட்டதிலிருந்து அவளை நிலையத்தில் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கால் ஆறிவிட்டது. மருத்துவரும் இனி ஓட்டலாம் என்றுவிட்டார். மழைக்கு முன்னால் திரும்பாவிட்டால் அந்த வழியை வேறு ஆளுக்கே கொடுத்துவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்மா விடவில்லை. அக்கா தினமும் காலையில் வாசலில் நிற்கும் வண்டியை உதைத்துக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்றபடி டீ குடிப்பாள்.

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "எங்கயும் போகாத வண்டிக்கு எதுக்குடி தீனி?"

"இல்லன்னா மறந்துடும்மா."

"யாரு, வண்டியா, நீயா?"

டீ ஆறிப்போகும். அவள் கண் மலைப் பக்கமே இருக்கும்.

அம்மாவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. குழாய் பார்க்கிற எல்லாருக்கும் அலுவலகம் கெட்டி பிளாஸ்டிக்கில் முழங்கால் பேடுகள் கொடுத்திருக்கிறது. மேற்பார்வையாளர் வாசலில் நின்று, கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் அனுப்புவார். எல்லாரும் சமர்த்தாகக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். முதல் வளைவில் ஒரு கம்பி வேலி வரும். அங்கே நிறுத்தி, கழற்றி, வேலியில் மாட்டிவிட்டு மேலே போவார்கள். இறங்கும்போது மறுபடி கட்டிக்கொள்வார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கணக்குப் பார்த்தால் பாதுகாப்பாக இருந்தது அந்த வேலிதான்.

அக்கா கசிந்த இடத்துக் களிமண்ணில் வழுக்கி விழுந்தபோதும் அவளுடைய பேடுகள் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவளைத் தூக்கிவந்த கூட்டாளி நல்ல மனுஷன். மறக்காமல் அவற்றையும் எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினான். "ஒரு கீறல்கூட இல்லம்மா, பத்திரமா இருக்கு."

அம்மா அவற்றையும் பார்த்தாள், அக்காவின் காலையும் பார்த்தாள். மறுநாள் வாசலுக்கு நேராக ஆணியடித்து அந்தப் பேடுகளை மாட்டினாள்.

"அதக் கட்டினா கால் மடங்காதும்மா. பள்ளத்துல எழுந்து நிக்கணும், மேட்டுல உக்காரணும். உள்ள வேகுது வேற" என்று அக்கா பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

ஒருநாள் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்ப கழட்டத் தோணாத ஒண்ணப் பாத்து வாங்கு. அப்புறம் பேசு."

அன்று சாயங்காலமே வண்டிச் சாமான் கடைக்குப் போனோம். பை பிடிக்க நானும் போனேன்.

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்துத் துண்டு மடிப்பதுபோல மடித்துக் காட்டினார். வலைத்துணி உறை, உள்ளே துளைத்துளையாக ஏதோ மெத்தென்று இருந்தது.

"இது கால்ல போடுறதா, தலைக்கு வச்சுத் தூங்குறதா?" என்றாள் அக்கா.

"மெதுவா அமுக்கினா குழையும்க்கா. அடி விழுந்தா அந்த நொடியே இறுகிக்கும்." தன் கையை அதன் அடியில் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினார்.

"உங்கள நீங்களே ஓங்கியா அடிச்சுக்குவீங்க? இங்க குடுங்க."

"அக்கா, எனக்குக் குடும்பம் இருக்கு."

"எனக்கு வீட்டுல அம்மா இருக்காங்க. கைய வைங்க."

அடித்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, "எல்லாம் இருக்கு" என்றார். நான் பையால் வாயை மூடிக்கொண்டேன்.

"நின்னு பாத்து வாங்காதீங்க. நிக்கும்போது எல்லாமே பொருந்தும்" என்று ஸ்டாண்டில் நின்ற ஒரு பழைய வண்டியைக் காட்டினார். முதல் ஜோடியோடு அக்கா ஏறினாள். எழுந்து நின்று உட்கார்ந்ததும் அது கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. அடுத்தது மிக மெல்லியது. முட்டியை மட்டும் மூடியது. எழுந்தாள், உட்கார்ந்தாள், அது அசையவில்லை.

அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. முழங்கை அகன்றது. எந்த வளைவு, எந்தப் பள்ளம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கடையில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. விழுந்த நாளிலிருந்து நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இதுதான்டி. போட்டதே தெரியல" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேடு முடிகிற இடத்துக்குக் கீழே, காலின் முன்னெலும்பு நெடுக, அன்று விழுந்ததில் பட்ட காயத்தின் தழும்பு. அந்த முகத்தைக் கலைக்க மனம் வரவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"தழும்பு வெளியில இருக்குக்கா."

அக்கா கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு ஜோடி கொண்டுவந்தார். அதே வலைத்துணி, அதே மெத்தை, ஆனால் முன்னெலும்பு வரை இறங்கியது. மேல்விளிம்பில் வழுக்காத ரப்பர் பட்டை. அக்கா ஏறி எழுந்து உட்கார்ந்தாள். திரும்பத் திரும்ப எழுந்து உட்கார்ந்தாள்.

"இது போட்டது தெரியுது" என்றாள். குனிந்து தழும்பு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "தெரியட்டும்."

அவள் மறுபடி வழிக்குப் போன முதல் நாள் காலையில் அம்மா என் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். "உங்கக்கா மறந்துட்டுப் போயிட்டா. குடுத்துட்டு வா." அது அவள் பையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று நான் கேட்கவில்லை.

"நிலையத்துக்காம்மா?"

"முதல் வளைவுக்கு."

நான் போனபோது வேலியில் மற்றவர்களின் பேடுகள் வரிசையாகத் தொங்கின. கொஞ்ச நேரத்தில் நிலையத்திலிருந்து அக்காவின் வண்டி வந்தது. பழக்கதோஷம், அங்கே வந்ததும் தானாக நின்றது. கால் ஊன்றினாள். கை முட்டிக்குப் போனது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"அம்மா அனுப்பின போலீஸா?"

நான் டப்பாவை நீட்டினேன். வாங்கி வைத்துவிட்டு, வேலியில் தன் பேடு தொங்கிய இடத்தைப் பார்த்தாள். அங்கே கம்பி இன்னும் தொய்ந்தே இருந்தது.

"வேகுதாக்கா?"

"வேகுது." உறையின் விளிம்பை மேலே இழுத்துவிட்டாள். "ஆனா மடங்குதுடி."

வண்டி கிளம்பியது. முதல் கல்லிலேயே எழுந்து நின்று ஓட்டினாள். பிறகு வளைவு அவளை மறைத்தது. அதற்கப்பால் இருப்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சத்தம் தேய்ந்து காற்றோடு கலக்கும்வரை நின்றேன். கலந்த பிறகும் நின்றேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே இருந்தாள்.

"வேலியில?"

"மத்தவங்களோடதுதாம்மா."

ஆணியிலிருந்து பழைய பேடுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"எதுவரைக்கும் பாத்தே?"

"வளைவு வரைக்கும்."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. பிறகு, காலையில் வண்டி நிற்கும் இடத்தில் போய், மலைப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.