கரிசலுக்கு ஒரு ஜீப்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். வரத்தான் செய்யும். டீச்சர் டிரெயினிங் முடித்து, ஜில்லா போர்டு ஸ்கூல் வேலைக்கு ஆர்டரும் வந்த பிறகு, "அந்த ஊருக்கெல்லாம் நீ போவ வேணாம்" என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சொன்னவர் என் அப்பா.

அந்த ஊர் ஒன்றும் சீமையில் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் எங்கள் ஊர். அங்கிருந்து வடக்கே திரும்பி, பருத்திக் காடுகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் போய், ஓர் ஓடையைத் தாண்டினால் அந்த ஊர் வந்துவிடும். கோடையில் மாட்டு வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். மழை இறங்கிவிட்டால் கதையே வேறு. கரிசல் ஈரமானால் மாடு காலைத் தூக்க முடியாது, வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். ஐப்பசி கார்த்திகையில் அந்த ஊர்க்காரர்களே அவசரம் என்றால்தான் வெளியே வருவார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் தெரியாத ஊரில் தனியாகக் குடிவைக்க அப்பாவுக்கு மனசில்லை.

"காலைல போயி சாயங்காலம் வூடு திரும்பணும். மழையிலயும் திரும்பணும். அதுக்கு வழி இருந்தா போ. இல்லன்னா பேச்ச வுடு" என்று சொல்லிவிட்டார். ஐப்பசி முடிவதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

என் அண்ணனுக்கு யந்திரம் என்றால் பைத்தியம். எண்ணெய் இஞ்சின் எங்கே ஓடினாலும் சோறு தண்ணீர் மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் தங்கள் வண்டிகளையெல்லாம் ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. திருச்சிக்குப் போனவன், ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து ஒரு பழைய ஜீப்பை மலிவாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். நிறுத்தும்போது அது போட்ட சத்தத்தில் எங்கள் தொழுவத்து மாடுகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன.

"பாப்பா, இதுல நாலு சக்கரமும் இழுக்கும். உன்ன அந்த ஊருல கொண்டு போய் விடுறது என் வேலை" என்றான் அண்ணன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தார்க்குச்சி எங்கடா வெக்கிறது?" என்று கேட்டார். மாட்டைக் குத்தி ஓட்டுகிற குச்சிக்கு ஜீப்பில் ஏது இடம்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் அண்ணனுடைய பைத்தியம் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாட்டு வண்டியில் சக்கரத்துக்கு ஒரே வேலை, மாடு இழுத்த பக்கம் உருள்வது. இந்த ஜீப்பின் முன் சக்கரங்களோ திரும்பவும் செய்தன, இழுக்கவும் செய்தன. இது எப்படி முடியும்? திரும்புகிற சக்கரத்துக்கு இஞ்சினின் பலம் எந்த வழியாகப் போகும்? ராத்திரி படுத்தால் இதே யோசனை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அச்சின் முனையில் ஓர் இரும்புப் பந்து. அதற்குள்ளே தோள்மூட்டு மாதிரி ஒரு மூட்டு. அதுதான் திரும்பிக்கொண்டே சுழல்கிறது. அடடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். "இவள எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா.

இன்னொரு வேடிக்கை. ஜாக்கி வைத்துப் பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால், எதிர்ப்பக்கத்துச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது! அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பெரம்பலூர் பஸ் ஷெட்டில் இருந்த மெக்கானிக்கைக் கேட்டு வந்தான். அந்த ஆள் மிலிட்டரியில் லாரி ஓட்டியவர். அரை மணி நேரம் தன் பிரதாபத்தைச் சொன்ன பிறகுதான் ஒரு விஷயம் சொல்வார். "ஒரு சக்கரம் சேத்துல வழுக்குனா அதுவே சுத்திக்கிட்டுக் கெடக்கும். இன்னொண்ணு சும்மா நிக்கும் தம்பி. நாலுக்கும் பிடிப்பு வேணும்" என்றாராம்.

பிடிப்புக்கு எங்கே போவது? டயர் நான்கும் மொட்டை. புது டயர் கிடைக்காத காலம். அண்ணன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற வடக்கயிற்றை எடுத்து டயரில் சுற்றினான். முதல் மழைக்கு மறுநாள் காட்டுக்குள் இறக்கிப் பார்த்தோம். கரிசல் கயிற்றோடு அப்பிக்கொண்டு, சக்கரம் ஒவ்வொன்றும் உரல் பருமனுக்கு ஆகி, மட்கார்டில் முட்டி நின்றேவிட்டது. எங்கள் மாடுகளே வந்துதான் இழுத்துவிட்டன. ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அண்ணன் அசரவில்லை. மாடு கட்டுகிற இரும்புச் சங்கிலிகளை அவிழ்த்து, கொல்லுப் பட்டறையில் கொடுத்து, ஏணி மாதிரி பின்னி டயருக்கு மாட்டினான். சங்கிலிக்கு இடையே சேறு தங்காமல் உதிர்ந்தது. மட்கார்டுகளை அறுத்துத் தள்ளினான். ஓடாது என்று ஒதுக்கிப் போட்ட பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி வந்து சேர்த்து வண்டியை உயர்த்தினான். புகைக்குழாய் தண்ணீரில் முங்கக் கூடாதென்று, பம்புசெட் குழாய்த் துண்டை ஒட்டவைத்து உயரே நிமிர்த்தினான். இஞ்சினில் நெருப்புப் பொறி போகிற வயர்களின் தலையில் தண்ணீர் புகாமல் சைக்கிள் டியூபைச் சுற்றி மெழுகு பூசியது நான். இதற்குள் சங்கிலி போய் மாடுகளெல்லாம் வெறும் கயிற்றில் நின்றன. பால் கறக்கும்போது அம்மா எங்களைத் திட்டாத நாளில்லை.

ஒரே ஒரு குறை. பிரேக் போட்டால் ஜீப் கத்தும். அதுவும் எப்படி? கிறீச்சென்று காது கிழியும். எங்கள் பக்கத்தில் வண்டி கத்திக்கொண்டு போனால் வண்டிக்காரனுக்கு மானக்கேடு. விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மையை அச்சில் போடக்கூட வக்கில்லாதவன் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அப்பாவின் வண்டி கத்தி யாரும் கேட்டதில்லை. ஜீப் தெருவில் திரும்பும்போதெல்லாம் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

ஐப்பசிக் கடைசியில் அடைமழை பிடித்தது. "நாளைக்குப் போவம். நானும் வரேன். போயிட்டுத் திரும்பிட்டா பாப்பா வேலைக்குப் போவட்டும்" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் அண்ணன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளே பிரேக் உரசுகிற டிரம்களையும் கழற்றிச் சேற்றைத் துடைத்து வைத்தான். காலையில் பெட்ரோல் வாங்கப் போய்விட்டு வந்து, அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டினான்.

அந்த வண்டி ஓடையைத் தாண்டினால் நான் டீச்சர். தாண்டாவிட்டால் அடுத்த தையில் எவன் தலையிலாவது கட்டிவிடுவார்கள்.

அமெரிக்க ஜீப், ஸ்டீயரிங் இடப்பக்கம். அண்ணன் அங்கே உட்கார, அப்பா வலப்பக்கம் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். பார்த்தவர்கள் அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்து, "பெரியவரே, பாத்து ஓட்டுங்க!" என்று கத்தினார்கள். அப்பா மறுக்கவில்லை. தெரு முனையில் ஆடு குறுக்கே வந்தபோது அண்ணன் மெதுவாக்கினான். சத்தமே இல்லை. "இன்னிக்குக் கத்தல பாத்தியா?" என்றேன் பின்னாலிருந்து. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

காட்டுக்குள் அந்த ஜீப் போன அழகை என்னென்று சொல்வேன்! அண்ணன் சின்ன லீவரைத் தள்ளி முன் சக்கரத்தைச் சேர்த்தான். சங்கிலிகள் மண்ணைக் கடித்து உதறின. கிழிந்த கேன்வாஸ் வழியாக என் தலையெல்லாம் சேறு. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இறுகப் பிடித்திருந்த கைப்பிடியை விட்டுவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டார்.

ஓடைக்கரை வந்தது. பாதை சரிந்து இறங்குகிற இடத்திலிருந்து பார்த்தால், செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. அண்ணன் முகம் செத்துப்போனது. "அதிகமா இருக்கு பாப்பா. இறங்க வேணாம், திருப்பிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தான்.

ஜீப் நிற்கவில்லை. சத்தமும் இல்லை. வழுக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. "நிறுத்துடா!" என்கிறார் அப்பா. "நிக்க மாட்டேங்குதுப்பா!" என்று அலறுகிறான் அண்ணன். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தோம். கிளட்சிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை அழுத்துவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. காலடியில் தண்ணீர் ஏறி, என் மடி நனைந்தது. இஞ்சின் இருமியது, திணறியது, அணையவில்லை. சங்கிலிகள் அடியில் கல்லைப் பிடித்தன. எதிர்க்கரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேட்டில் தானாக நின்றது.

உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன் ஒரு சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தான். உள்ளே கருப்பாக, வழவழவென்று. மோந்து பார்த்தான். விளக்கெண்ணெய் வாடை.

"மையி யாரு போட்டது?"

அப்பா ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "கழட்டி வெச்சிருந்த. பளபளன்னு ஒரசுன எடமா பாத்து நான்தான் தடவுனேன். ஊரு கேக்குற மாதிரி கத்துச்சேடா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எங்களக் கொல்லப் பாத்தீங்களா? ஒரசுனாத்தானப்பா வண்டி நிக்கும்! எந்த இரும்பு ஒரசுனாலும் மையத் தடவிடுறதா?" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனிடம் கேட்டார். "மையி போடாம இருந்தா, நீ திருப்பியிருப்பல்ல?"

அண்ணனுக்குப் பொய் வராது. "ஆமாப்பா. தாண்டாதுன்னுதான் நெனச்சேன்."

"வாய மூடிக்கிட்டு இரேன் நீ!" என்று அவன் மேல் பாய்ந்தேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஓட்டுகிறவனே முடியாது என்று சொன்ன பிறகு எந்த அப்பா பெண்ணை அனுப்புவார்? "தாண்டிட்டோமா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அப்பா மேல்துண்டைப் பெட்ரோலில் நனைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த டிரம்மை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு ஊர் திரண்டு வந்தது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெரியவர்கள், அவர்களுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள். அடைமழையில் ஓடையைத் தாண்டி வந்தவர்களை அவர்கள் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"யாருங்க நீங்க? இந்தத் தண்ணியில எப்புடிங்க வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

அப்பா எழுந்தார். கையெல்லாம் கருப்பு. என்னைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"உங்க ஊரு டீச்சரக் கொண்டாந்திருக்கேங்க. பள்ளிக்கூடத்தத் தொறங்க" என்றார்.

முகத்துச் சேற்றைத் துடைக்கப் போய், இன்னும் பூசிக்கொண்டேன். முன்னால் நின்ற ஒரு சிறு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"வருவாங்க. மழ பேஞ்சாலும் வருவாங்க."