இரண்டாவது ஓட்டு

குணவதி பயந்தவள். அதை மறைக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. "நான் பயந்தாங்கொள்ளிதான், அதுக்கென்ன இப்ப?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். யாராவது கதவைத் தட்டினால் முதலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள், பிறகு ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் "யாரு?" என்பாள். ஐம்பத்திரண்டு வயது. கணவர் அர்ஜுனன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், போய்ச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. சுங்கை பினாங்கில் ஒரு பழைய எட்டு மாடி பிளாட்டின் ஆறாவது மாடியில் அவளும் மகன் ஷர்வினும் மட்டும்தான்.

இப்படிப்பட்டவள் பத்தொன்பது வருடமாக யாருக்குச் சோறு போட்டுப் பிழைக்கிறாள் தெரியுமா? போலீஸ்காரர்களுக்கு. ஒரு பாலாயின் கேண்டீனில்தான் வேலை. எந்த பாலாய் என்று கேட்காதீர்கள், அவளே சொல்ல மாட்டாள். இந்த ஊரில் போலீஸ் நிலையத்தை எல்லாரும் பாலாய் என்றுதான் சொல்வார்கள். விடியுமுன் போய் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தால், மதியம் மூன்று மணிக்குத்தான் நிமிர்வாள். எந்த சார்ஜனுக்குச் சர்க்கரை நோய், எந்த இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சீருடை கண்டு நடுங்குகிறவள் சீருடைகளுக்கு நடுவிலேயே பழம் தின்று கொட்டை போட்டிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஷர்வின் வீடு திரும்பவில்லை. ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்யும் பையன், இருபத்திரண்டு வயது. வழியில் ரோட் பிளாக் போட்டிருந்தார்கள். ஐ.சி. என்கிற அடையாள அட்டையைப் பட்டறையிலேயே வேலைச் சட்டைப் பையில் மறந்து வைத்துவிட்டான். இன்னொரு பாலாய்க்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவன் படியேறி வந்தபோது இடது காதில் ரத்தம் காய்ந்திருந்தது. "யாருடா அடிச்சா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் அந்தக் காதின் பக்கம் நின்று கேட்டதால் அவனுக்குக் கேட்கவே இல்லை என்பது மறுநாள்தான் அவளுக்குப் புரிந்தது.

புகார் கொடுத்தாளா? அட, நீங்கள் வேறு! கிளினிக்கில் டாக்டரிடம், மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டான் என்றாள். விழுந்த பிள்ளையின் முட்டியில் ஒரு சிராய்ப்புகூட இல்லையே என்று டாக்டர் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தாரிடம், சளி பிடித்துக் காது அடைத்திருக்கிறது என்றாள். எட்டு மாதமாக அடைத்திருக்கும் சளி!

கேண்டீனில்தான் ஒரு நாள் சிக்கல் வந்தது. சார்ஜன் இக்மல் தினமும் வருகிறவர், சீனி குறைத்த தே, அதாவது டீதான் குடிப்பார், அவளை வாய் நிறைய "ஆன்ட்டி" என்று கூப்பிடுவார். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டே, "ஆன்ட்டி, மகன் நல்லா இருக்கானா?" என்று மலாயில் கேட்டார். நல்லா இருக்கான் துவான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். அந்தக் கேள்வியில் இருந்தது அக்கறையா, எச்சரிக்கையா? இன்று வரை அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவருக்குத் தே கொடுக்கும்போது அவர் முகத்தை அவள் பார்ப்பதில்லை.

இதற்குள் பிளாட்டில் இன்னும் மூன்று பையன்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கம் கூடியது. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் அலாவுதீன் பாய்தான் தலைவர். போலீஸோடு பேச, போலீஸ்மேல் புகார் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க, நம் பிளாட்டுக்கென்று ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுப்போம் என்று முடிவானது. சட்டத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. பிளாட்காரர்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடுதான். ஆனாலும் பாலாய்த் தலைவர், மாதம் ஒரு முறை அந்த ஆளோடு உட்கார்ந்து பேசச் சம்மதித்துவிட்டார். மாநகர் மன்றத்துக்கே ஓட்டுப் போட வழியில்லாத ஊரில், போலீஸைக் கேள்வி கேட்க ஓட்டா என்று பிளாட்டே அதிசயப்பட்டது.

நின்றது இரண்டு பேர். ஒருவர் ஜெயராஜ், போலீஸில் கோப்ரலாக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம ஆளுங்கதான், பேசினா முடிஞ்சிடும்" என்பது அவர் பேச்சு. எந்த ஆளை அவர் நம்ம ஆள் என்கிறார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இன்னொருத்தி மூன்றாவது மாடி பிரமிளா, டவுனில் வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிற பெண், இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

பிரமிளா வீடு வீடாக ஏறி வந்தாள். குணவதியின் வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான்: "ஆன்ட்டி, புகார் இருந்தா நீங்க எங்கயும் போக வேணாம். என்கிட்ட சொன்னா போதும். நான் எழுதுறேன், நான் கையெழுத்து போடுறேன். உங்க பேரு வெளிய வராது."

"எங்களுக்கு என்னம்மா புகாரு, ஒன்னும் இல்லலா" என்று குணவதி சிரித்து அனுப்பிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். இந்தப் பெண் மட்டும் ஜெயித்துவிட்டால் ஷர்வினின் காதுக்கு யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். அவள் ஒரு வார்த்தை வாய் திறந்தால் போதும், ஒரு தாளிலும் கை வைக்க வேண்டாம். அடுத்தடுத்த வீடுகளில் எல்லாரும் "உனக்குத்தாம்மா, உனக்கில்லாம யாருக்கு?" என்று பிரமிளாவிடம் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அத்தனை ஓட்டுக்குள் தன் ஓட்டும் ஒன்று, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவள் தைரியம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே மண்டபத்தில் கூட்டம். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று கணக்கு, அறுபத்தொரு வீட்டார் வந்திருந்தார்கள். குணவதி உள்ளே கால் வைத்தவுடனே நின்றுவிட்டாள். முதல் வரிசையில் சீருடையோடு இரண்டு பேர். ஒருவர் இக்மல். ஜெயராஜ்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தாராம். இக்மல் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவளும் அசைத்தாள், வேறு என்ன செய்வாள்?

மறைவுக்கு ஒரு டேபிள் டென்னிஸ் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் பின்னால் ஒரு மேசை, ஒரு பேனா. குணவதி போனாள். சீட்டில் இரண்டு பெயர், பக்கத்தில் இரண்டு கட்டம். ஜெயராஜ் பெயருக்கு நேரே பேனா தானாகப் போய் நின்றது. போட்டுவிட்டுப் போடி, உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் ஷர்வின் இப்போது வலது காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். அடுத்த நொடி பிரமிளாவின் கட்டத்தில் பெருக்கல் குறியைப் போட்டுவிட்டாள். அவசரத்தில் குறி கட்டத்துக்கு வெளியே ஓடியது. செல்லாமல் போய்விடுமோ என்று அதன்மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினாள். சீட்டை நாலாக மடித்து, ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசியாக வேட்பாளர்கள் இருவரும் போட்டார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கோயில் கமிட்டியாகட்டும், பள்ளிப் பெற்றோர் சங்கமாகட்டும், தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது கௌரவக் குறைச்சல். எதிராளிக்குப் போட வேண்டும், போட்டதை நாலு பேர் காதில் விழச் சொல்லவும் வேண்டும். ஜெயராஜ் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "என் ஓட்டு தங்கச்சிக்குத்தான்!" என்றார். கைதட்டினார்கள். பிரமிளாவும் வந்து, "என்னோடது அண்ணனுக்கு" என்றாள். அதற்கும் தட்டினார்கள்.

அலாவுதீன் பாய் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். ஜெயராஜ். ஜெயராஜ். ஜெயராஜ். பத்து வரைக்கும் குணவதி கவலைப்படவில்லை. மேலே கிடப்பது அப்படித்தான் இருக்கும், அடியில் வரும் என்று இருந்தாள். இருபது தாண்டியது. பாயின் குரலே மெல்லத் தயங்க ஆரம்பித்தது. முப்பத்தி நாலாவதாக "பிரமிளா" என்றார். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஜெயராஜ், ஜெயராஜ். கடைசிக்கு இரண்டு சீட்டு முன்னால் ஒன்றைப் பிரித்தவர், "குறி கொஞ்சம் வெளிய ஓடியிருக்கு, பரவால்ல, செல்லும். பிரமிளா" என்றார். குணவதிக்குக் காது அடைத்துப்போனது.

ஐம்பத்தொன்பது. இரண்டு.

அடப் பாவிகளா! வாசலுக்கு வாசல் நின்று உனக்குத்தாம்மா என்றவர்கள்தானே எல்லாரும்? மற்றவர்கள் போட்டுவிடுவார்கள், நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஐம்பத்தெட்டு வீடும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போட்டிருக்கிறது. இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரமிளாவின் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயராஜ் எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். பிறகு சிரித்தார். "ரெண்டுல ஒன்னு நான் போட்டது. அதான் சொல்லிட்டேனே. அப்ப இன்னொன்னு யாருது?"

சிலர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "சும்மா சொல்லுங்க, என்ன இருக்கு இதுல? போலீஸ் மேல மனக்குறை உள்ள வீடு எதுன்னு தெரிஞ்சா, முதல் வேலையா நானே அங்கதான் வரப்போறேன்!" அதை மலாயிலும் சொன்னார். இக்மல் திரும்பி, வரிசை வரிசையாகப் பின்னால் பார்த்தார். அவர் கண் குணவதியின் வரிசைக்கு வந்தது.

அத்தனை பேருக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று வந்தவள் அம்மணமாக நிற்பதாக உணர்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் வேறு, "யாருக்கா அது?" என்று முழங்கையால் இடித்தாள். "எனக்கென்ன தெரியும்" என்று முனகிவிட்டுக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அவளே அழுது காட்டிக்கொடுத்திருப்பாள்.

"என்னோடதுதான்" என்று பிரமிளாவின் குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். பிரமிளா எழுந்து நின்றிருந்தாள். "எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."

"இப்பதானே எனக்குப் போட்டேன்னு சொன்னே?" என்றார் ஜெயராஜ்.

"பொய் சொன்னேன்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் "அய்யோ, கேவலம்!" என்று கத்தினான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் இப்போது தலை நிமிர ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஜெயராஜ் பெரிய மனசு பண்ணி, "சரி விடுங்கப்பா, சின்னப் பொண்ணு, ஆசை இருக்கத்தானே செய்யும்" என்றார். விஷயத்தை யாரோ இக்மலுக்கு மலாயில் சொல்ல, அவரும் சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

குணவதியும் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். பிரமிளா சொல்வது பொய் என்று அந்த மண்டபத்தில் சத்தியம் பண்ணக்கூடிய ஒரே ஆள் அவள்தான், அவளும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

கூட்டம் கலைந்து எல்லாரும் அலாவுதீன் பாய் வைத்த மீ கோரெங் நூடுல்ஸுக்கு வரிசையில் நின்றபோது அவள் நழுவி லிஃப்டுக்கு வந்தாள். கதவு மூடப்போகும் நேரத்தில் பிரமிளா வந்து ஏறினாள். அவள் மூன்றை அழுத்தினாள், குணவதி ஆறை. இரண்டு பேரும் மேலே மாறும் எண்ணையே பார்த்தார்கள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" குணவதிக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"யாரோ ஒருத்தவங்க என்னை நம்பிப் போட்டிருக்காங்க ஆன்ட்டி. பயந்து போயிருப்பாங்கல்ல."

"யாருன்னு தெரியுமா?"

"தெரிய வேணாம்" என்றாள் பிரமிளா. மூன்றாவது மாடி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். தாழ்வாரத்தில் நின்றிருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

கதவு மூடிக்கொண்டு வந்தது. குணவதி காலை நீட்டி அதைத் தடுத்தாள். ஏன் நீட்டினாள் என்று பின்னால் எத்தனையோ தரம் யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. தாழ்வாரத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலை எடுக்கவில்லை.

"பிரமிளா!" என்று கூப்பிட்டாள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் கூப்பிட்டாள். "ஷர்வின் காதுல சளி இல்லம்மா. மேல வா, அவனே சொல்லுவான். பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு வா."