மருந்து பாட்டிலில் மிஞ்சியவை

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் சுகாதாரப் பிரிவில் எனக்கு வேலை, குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் படிக்கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது என் பொறுப்பு. அந்தக் கிணறுகளில் துள்ளும் ஒரு பொடிப்பூச்சியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டால், ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பி, நூல் மாதிரி புழு வெளியே வரும். நரம்புச் சிலந்தி என்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, எந்தத் தண்ணீரைக் கண்டாலும் சந்தேகப்படுகிற ஆளாகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மைத்துனர் எங்கள் மூத்த மகளுக்காகச் செய்து கொடுத்தது. முக்கொம்பு அணைக்குப் போனபோது அவளே துண்டால் அள்ளிப் பிடித்த மூன்று கெண்டைக் குஞ்சுகள் அதில் நீந்தின. ஒன்பது வயதில் டைபாய்டு வந்து மகள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் மனைவிக்கு அந்த மீன்கள்தான் எல்லாம். எனக்குச் சோறு போட நேரமானாலும், மீனுக்குப் பொரி போடும் நேரம் தவறாது.

ஒரு நாள் காலை தொட்டியின் கண்ணாடியில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ ஓடுவதைப் பார்த்தேன். அதே கிணற்றுப் பூச்சியோ என்று பயந்தேன். எங்கள் இரண்டு வயது மகன் தினமும் அந்தத் தண்ணீரில் கையை விட்டு வாயில் வைத்துக்கொள்வான். ஏற்கெனவே தண்ணீரால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான். தெரிந்த விலங்கியல் ஆசிரியரிடம் காட்டலாம் என்று மருந்து பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தேன். ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு சிட்டிகை பவுடரைத் தொட்டியில் போட்டேன். கிணற்று மீன்கள் தாங்குகின்றனவே, இவற்றுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பு. கிணறு எவ்வளவு, தொட்டி எவ்வளவு என்று யோசிக்காத மேதாவி நான்.

திரும்பி வந்தவள் கூடையைக் கீழே போட்டாள்.

"என்னங்க, மூணும் மிதக்குதுங்க! ஐயோ, நேத்து தண்ணி மாத்தாம விட்டுட்டேனே. நானே கொன்னுட்டேனே!"

பவுடர் வாடை என் சட்டையில் எப்போதும் அடிப்பதுதான். அதனால் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். "சரி விடு, அழாத" என்பதுதான் வந்தது.

நாலு நாள் கழித்து அந்த ஆசிரியர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க பயப்படுற பூச்சி இல்ல சார் இது. அதுக்கு ஒரே கண்ணு, வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். இது ரெண்டு ஓட்டுக்குள்ள இருக்கு பாருங்க. யாரையும் ஒண்ணும் செய்யாது. மீன் தின்ன மிச்சத்தைத் தின்னுட்டுக் கிடக்கும்."

நானும் குனிந்து பார்த்தேன். கடுகைவிடச் சின்ன உயிர். ஓடு லேசாகத் திறந்து, மெல்லிய கால்கள் தண்ணீரைத் துழாவின. என் மகளின் தொட்டியில் உயிரோடு மிஞ்சியவை இவை மட்டும்தான் என்று தோன்றியதும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனால், இதை எப்போது, எதற்குப் பிடித்தேன் என்று கேட்பாள்; உண்மையைச் சொல்லியாக வேண்டும். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? காவிரிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, அதை ஆற்றில் கவிழ்த்துவிட்டேன்.

அதன் பிறகு என் மனைவி ஒரு செடிகூட வளர்க்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் கை ராசி இல்லாத கைங்க. எதுவும் தங்காது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். போன வருஷம் அவளும் போய்விட்டாள். "நீ கொல்லலை" என்று சொல்ல எனக்கு எத்தனையோ வருஷங்கள் இருந்தன; செய்யாத குற்றத்தின் பழியை அவள் தலையிலேயே வைத்து அனுப்பிவிட்டேனே என்ற நினைப்பு, அன்று மீன்களைக் கொன்றதைவிடப் பெரிய பாவமாக என்னை இன்றும் அறுக்கிறது.