வார்ப்பில் விழுந்த கோடு

என் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். பார்ப்பவர் என்ன, பார்த்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும், கடைக்கு வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று நழுவினார்கள். கடையை மூடிவிட்டு மனுஷன் சும்மா உட்காருவார் என்று நினைத்தேன். எங்கே! குட்டி நீராவி எஞ்சின் செய்யப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"கடிகாரச் சாமான் பொடிசு, அதான் தடுமாறுது. இது கைக்கு அடக்கமா இருக்கும். இது ஓடிடுச்சுன்னா என் கை இன்னும் போகலைன்னு அர்த்தம்" என்றார். அதுதான் அவருக்கு வேண்டும். எஞ்சின் வெறும் சாக்கு.

துணி துவைக்கிற இடம் பறிபோனது. பெயின்ட் டப்பாவுக்குள் களிமண் பூசி அடுப்பு. அதற்குக் காற்றடிக்க மகளின் ஹேர் டிரையர். காயலான் கடையில் வாங்கிய ஸ்கூட்டர் உதிரிகளை உருக்கி, மணலில் பதித்த அச்சுக்குள் ஊற்றினார். முதலில் எஞ்சினின் பெரிய சக்கரம் வந்தது. நடுக்கம் அப்போது விரல் நுனியோடு நின்றிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகு! ஃபிரிட்ஜ் மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுற்றிக் காட்டினேன்.

சிலிண்டரில்தான் சனி பிடித்தது. அதை ஒரே தாரையாக ஊற்ற வேண்டும். நடுவில் அறுந்தால், முதலில் விழுந்தது இறுகிவிடும். பின்னால் விழுவது அதோடு ஒட்டாமல் கோடு விழும். அந்தக் கோட்டு வழியே நீராவி கசியும். அதற்குள் நடுக்கம் மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கோடு. உடைப்பார், உருக்குவார், ஊற்றுவார், மறுபடியும் கோடு.

"மாமா, நான் ஊத்தவா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க ஊத்தினா அது உங்க எஞ்சின், மாப்பிள்ளை."

பிறகு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். உலோகம் மட்டமாம். காயலான் கடைக்காரர் கண்ட கழிசடையைக் கலந்துவிட்டாராம். நேரே போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த சக்கரத்தை எடுத்தார்.

"ஐயோ, வேணாங்க! உருப்படியா வந்தது அது ஒண்ணுதான்."

"அதான் சொல்றேன். இதுதான் நல்ல உலோகம்."

கேட்டால்தானே. சக்கரம் அடுப்பிலிருந்த உருக்குக் குவளைக்குள் சரிந்து கரைந்தது. இடுக்கியால் குவளையைத் தூக்கினார். அது அச்சுக்கு மேலே கிடுகிடுவென்று ஆடியது. ஒரு சொட்டு அவர் காலருகே விழுந்ததும் நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டுகளை இறுக்கிப் பிடித்தேன். தட்டிவிடுவார், கத்துவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. அறுபடாமல் ஊற்றி முடித்தோம்.

ஆறியபின் மணலைத் தட்டினார். வழவழவென்று சிலிண்டர். கோடே இல்லை.

"பாத்தீங்களா! நீங்க சொன்னதுதான் சரி, உலோகம்தான் கோளாறு" என்று கூவினேன். பச்சைப் பொய்.

அவர் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உலோகம் இல்லடி" என்றார். "கை."

அடுப்பை அவரே உடைத்து அள்ளிக் கொட்டினார். மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அன்றுவரை, எத்தனை நேரம் தடுமாறினாலும் பித்தானில் என்னைக் கை வைக்க விட்டதில்லை. இப்போது கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நீயே மாட்டிவிடு" என்றார்.