வேலியின் வெளிப்பக்கம்

ஓர் ஈர்க்குக் குச்சி, அதன் நுனியில் நெளியும் ஒரு மசுக்குட்டிப் புழு, பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய சட்டி. ஐம்பதுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். குச்சியைப் பிடித்திருப்பவள் வெள்ளைச் சேலை உடுத்திய என் மூத்தவள், ராத்தா. வயது இருபத்து மூன்று. அவள் கணவர், எங்கள் மச்சான், காய்ச்சலில் மௌத்தாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் அவள் இத்தா இருக்க வேண்டும்.

வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்த அந்த வீடு அவளுடையது. இருந்தும் அவளுக்கு மூச்சு விடக் கிடைத்தது முற்றம் ஒன்றுதான். ஆள் போய்வரும் ஒழுங்கைப் பக்கம் அவளே நட்ட செவ்வரத்தை வேலி ஆளுயரத்துக்கு அடர்ந்து நின்றதால் பகலில் அங்கே வந்து உட்காரலாம். அதில்தான் மசுக்குட்டி விழுந்தது. இலை போனால் மறைப்புப் போகும். மறைப்புப் போனால் ராத்தா அறைக்குள் அடைந்துகிடக்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உள்பக்கத்தை அவள் விடியலில் சுபஹு தொழுத கையோடு துப்புரவாக்கிவிடுவாள். பின்னேரம் அஸருக்குள் வெளிப்பக்கத்துப் புழுக்கள் இந்தப் பக்கம் வந்துவிடும். உம்மா ஒருநாள் ஒழுங்கைக்குப் போய்ச் சாம்பல் தூவினார். புழுவின் சுணை பட்டுக் கை வீங்கி, மூன்று நாள் அவருக்குச் சோறு நான்தான் ஊட்டினேன். வாப்பாவோ நெல் சூடடிப்புக்காக வயல் வட்டையில் கிடந்தார்.

"தங்கச்சி, வெளிப்பக்கம் ஒருக்காப் போய்ப் பார்க்கிறியா?" என்று ராத்தா கேட்டாள். கேட்டது அந்த ஒரு தரம்தான். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குமர்ப்புள்ள ஒழுங்கையில நின்டா ஊர் என்ன கதைக்கும் ராத்தா?" என்றேன்.

"ஓம், அதும் சரிதான்" என்றாள். கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்த வாப்பா வேலியைப் பார்த்தார். வெறும் குச்சிகளுக்கிடையே, சைக்கிளில் போன ஒருவரின் தொப்பி தெரிந்தது. "அறைக்குள்ள இரு மகள்" என்றார். குரலில் கடுமை இல்லை. ராத்தா சட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று வாரத்தில் வேலி துளிர்த்து மறுபடி அடர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று யாரும் அவளை முற்றத்துக்குக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

முப்பது வருடம் கழித்து என் கணவர் மௌத்தானார். இத்தாவில் என்னை உட்கார்த்திய அறைக்குள் ராத்தா ஒரு பாயோடு வந்தாள்.

"உங்களுக்கென்ன ராத்தா, நீங்க வெளிய இருக்கலாம்தானே" என்றேன்.

"ஓம், இருக்கலாம்தான்" என்று சொல்லிக்கொண்டே பாயை என் பக்கத்தில் விரித்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் அந்த அறையை விட்டுப் போகவில்லை.