உறைபனியில் பதிந்த காலடிகள்

விவசாயப் படிப்பு முடித்து, கிணத்துக்கடவில் அப்பாவின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. "புல்லு வளக்கறதுக்குச் சம்பளமாங்க?" என்று ஊரில் சிரித்தார்கள்.

அவர்கள் உறைபனியைப் பார்த்ததில்லை. மார்கழியில் விடிந்து பார்த்தால் மைதானம் முழுக்க உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். பந்து விழவேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை கிரீன் என்பார்கள். பனி உறைந்திருக்கும்போது மிதித்தால் அந்தப் புல் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். வெயில் வந்து பனி இளகும்வரை ஆளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் காலை வேலை.

ஒரு சனிக்கிழமை, கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் தன் நண்பர்கள் எழுவதற்கு முன்பே மட்டையோடு வந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. பனி கரையட்டுங்க."

"மெல்லமா நடந்துக்கறேன் அம்மணி."

"மெல்லமா நடந்தாலும் புல்லு செத்துப்போயிருங்க."

"ஒண்ணும் ஆகாது கண்ணு."

எங்கள் கொங்குப் பேச்சில் ஒருவரை அதட்டுவது கஷ்டம். எவ்வளவு கோபமாக ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்து, விருந்துக்கு அழைப்பதுபோல் ஆக்கிவிடும். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நான் எரிச்சலோடு அடுத்த கிரீனில் பனி கரையத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன்.

காலைச் சாப்பாட்டின்போது, தொலைவில் கிடந்த பந்தை ஒரே தட்டில் குழிக்குள் போட்டதாக அவர் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்த்தால், அவர் கால் பட்ட இடமெல்லாம் புல் பழுப்பாகியிருந்தது. காலடிகள் குழியைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடியும் தாண்டிப் போயிருந்தன. பனி கரைந்தபின் நண்பர்களில் ஒருவர் அந்தத் தடத்தின் ஓரமாகவே நடந்து பார்த்தார்.

"ஒரே தட்டுன்னீங்க. குழியச் சுத்திக் கும்மியடிச்சிருக்கீங்களே?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது எப்ப மறையும் அம்மணி?"

"வெயில் காலம் வரோணுங்க."

"அதுவரைக்கும் எல்லாரும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

அடுத்த வாரம் அவர் மில்லிலிருந்து ஒரு வேன் நிறையப் பருத்தித் துணி வந்தது. சாயங்காலமே கிரீனை மூடிவைக்கத்தான். அவரே ஒரு முனையைப் பிடித்து விரித்தார். பொழுது விடிந்து துணியை எடுத்தபோது பனி துணிமேல்தான் படிந்திருந்தது. அவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார், கிரீனுக்கு வெளியே நின்றபடி.